தங்கவயல் பிறந்த கதை

பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1902 ஜூன் கடைசியில், அந்நகருக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, புதர் மண்டிய மேட்டு நிலத்தில் காவிரி மின்சாரம் வந்து இறங்கிவிட்டது. அரண்மனை இருந்த மைசூருக்கும், வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த பெங்களூருக்கும் கிடைக்காத பாக்கியம், கால் நூற்றாண்டுக்கு முன் யாரும் பெயர் கேட்டிராத ஓர் ஊருக்குக் கிடைத்தது. அந்த ஊர் கோலார் தங்கவயல்.

மண்ணுக்குள் தங்கம் இருந்தது, அதனால் ஊர் பிறந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் தங்கம் அங்கே மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்தது. பழங்காலத்தவர் தோண்டி எடுத்த குழிகளும் இருந்தன. சில குழிகள் இருநூறு அடிக்கும் கீழே போயிருந்தன. அப்போதெல்லாம் பிறக்காத நகரம் 1880க்குப் பிறகு பிறந்ததற்குக் காரணம், மூன்று காரியங்கள் அங்கே ஒன்றாகக் கூடியதுதான்: லண்டன் பங்குதாரர்களின் பணம், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்களின் தொழில்நுட்பம், வடஆர்க்காட்டுச் சேரிகளின் உழைப்பு. பணம் போய்விட்டது. தொழில்நுட்பம் துருப்பிடித்துக் கிடக்கிறது. உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

மாரிகுப்பத்துக் கூடைகள்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின், மைசூரை மீண்டும் உடையார் குடும்பத்திடம் ஒப்படைத்த ஆங்கிலேயர், அதன் எல்லைகளை அளக்க ஆட்களை அனுப்பினர். அப்படி வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். 1802இல் இன்றைய தங்கவயலின் உரிகம் பக்கம் அளந்துகொண்டிருந்தபோது, இந்த மண்ணில் தங்கம் கிடைக்கும் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. எடுத்துக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். சில நாளில் கிராமத்தார் மாட்டுவண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே தண்ணீர் விட்டு அலசினார்கள். சேறு கரைந்து ஓடியது. அடியில் மஞ்சள் பொடி நின்றது.

வாரன் கணக்குப் போட்டார். ஐம்பது கிலோவுக்கும் மேல் மண்ணை அலசினால், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆனால் மாரிகுப்பத்தில் அவர் கண்ட காட்சி வேறு. அங்கே பறையர்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்தார்கள். உடைத்த கல் கூடையில் கைமாறிக் கைமாறி மேலே வந்தது. மேலே பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கி அலசினார்கள். பாறைக்குள்ளிருந்து தங்கம் எடுக்கும் தொழில் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சுரங்கம்' என்று பெயர் பெற்றதன் முதல் பக்கம் இதுதான்.

வாரன் அறிக்கை எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனார். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். நம் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்து 1825இல் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய தங்க அறிக்கையை நம்பி வந்தவர்கள் அரைநூற்றாண்டு காலம் அங்கங்கே தோண்டிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. குழி சரிந்து ஆட்கள் சாகவே, 1859இல் நிலத்தடியில் தோண்டுவதற்கு அரசு தடை போட்டது.

ஒரு சிப்பாயின் மனு

அடுத்து வந்தவர் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு, பெங்களூர்க் கன்டோன்மென்ட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவர். இன்றைய பெங்களூரின் லவெல் சாலை அவர் பெயரில் உள்ளதுதான். நியூசிலாந்தின் தங்க வேட்டையை அறிந்திருந்த அந்த மனிதருக்கு வாரனின் பழைய அறிக்கை கிடைத்தது. 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். குழிகளைப் பார்த்தார், மண்ணைக் கிளறினார், திரும்பி வந்து மைசூர் அரசுக்கு மனுப் போட்டார். அப்போது மைசூரை ஆண்டது பிரிட்டிஷ் கமிஷனர். வெற்றி பெற்றால் அரசுக்கு லாபம், தோற்றால் அரசுக்குச் செலவில்லை, தோண்டும் உரிமை மட்டும் போதும் என்பது மனுவின் சாரம். 1875இல் இருபது ஆண்டுக் குத்தகை கையில் வந்தது.

குத்தகை வந்ததே தவிர, சுரங்கம் போடும் அளவுக்குப் பணம் அவரிடம் இல்லை. இரண்டே ஆண்டில் உரிமை ராணுவ அதிகாரிகள் சேர்ந்த ஒரு கூட்டின் கைக்குப் போயிற்று. அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. இந்த இடத்தில்தான் கதைக்குள் லண்டன் வருகிறது.

1879, 1880 ஆண்டுகளில் லண்டன் பங்குச்சந்தைக்குத் தென்னிந்தியத் தங்கக் காய்ச்சல் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் கோலார் அல்ல, வயநாடு. இன்று நீலகிரி மாவட்டத்தில் உள்ள தேவாலா, பந்தலூர்க் காடுகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பல லட்சம் பவுன் முதலீடு திரண்டது. இயந்திரங்கள் கப்பலேறி வந்து மலையேறின. சில ஆண்டுகளில் ஏறக்குறைய அத்தனையும் மண்ணாய்ப் போயின. அந்த அலையில் ஒதுங்கிய ஒரு பங்குத்தொகைதான் கோலாரையும் தொட்டது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கோலார்ச் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றது.

தொடக்கம் இங்கேயும் நஷ்டம்தான். அவற்றில் ஒன்றை நடத்திய மைசூர் சுரங்கக் கம்பெனியின் மூலதனம் கிட்டத்தட்ட முழுதும் கரைந்துவிட்டது. இருப்பதைப் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டலாம் என்பது பங்குதாரர்களின் எண்ணம். மிச்சப் பணத்தையும் போட்டு இன்னொரு முறை பார்ப்போம் என்று ஜான் டெய்லர் வற்புறுத்தினார். பிளம்மர் என்ற சுரங்க அதிகாரியை அனுப்பினார்கள். அவரைக் 'கேப்டன்' என்பார்கள். அது படைப் பட்டம் அல்ல, கார்ன்வாலில் சுரங்கத் தலைவனை அழைக்கும் முறை. பிளம்மர் செய்தது எளிய காரியம்: பழங்காலத்தவர் தோண்டிய குழிகளின் போக்கைப் பார்த்து, அவர்கள் விட்ட இடத்துக்குக் கீழே போனார். முன்னோர் நிறுத்தியது தங்கம் தீர்ந்ததால் அல்ல, நீர் ஊறியும் காற்றில்லாமலும் அதற்குக் கீழே போக முடியாததால்தான் என்பது தெளிவாயிற்று. 1880களின் நடுவில் சாம்பியன் ரீஃப் என்ற வெண்கல் படலம் தட்டுப்பட்டது. செத்துக்கொண்டிருந்த கம்பெனி ஈவுத்தொகை கொடுக்கத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாகத் திறந்தன. தங்கவயலின் பிறந்தநாள் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால், இதைத்தான் குறிக்க வேண்டும்.

யார் இறங்கினார்கள்?

சுரங்கத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது. இறங்குவதற்கு ஆள் வேண்டும். பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் நிலத்துக்கு அடியில் போகத் தயங்கினார்கள். கம்பெனிக்குக் கைகொடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய அந்தப் பஞ்சத்தில், நிலமில்லாத தலித் குடும்பங்களே முதலில் விழுந்தன. பண்ணையடிமை வாழ்வில் இருந்து வெளியேற வழி தேடிய வடஆர்க்காடு, சேலம் மாவட்டத்து மக்களை மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டி அழைத்துப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு தமிழ் நகரம் உருவானது இப்படித்தான்.

அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது 'லைன்' என்று பெயர்பெற்ற வரிசை வீடுகள். மூங்கில் தட்டியை நாலு பக்கமும் நிறுத்தி, குனிந்து நுழையும் அளவுக்குக் கூரை போட்ட தட்டி வீடு. மேட்டுப் பகுதியில் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், தேவாலயம், கோல்ஃப் மைதானம். ஊருக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்ற பெயர் வந்தது மேட்டைப் பார்த்து. தட்டி வீடுகளைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வேலை எப்படி? சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நிற்பார்கள். வைண்டிங் இயந்திரம் கம்பியை விட, கூண்டு இருட்டுக்குள் இறங்கும். ஆரம்பத்தில் நூறு இருநூறு அடி; போகப் போக ஆயிரக்கணக்கான அடி. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3.2 கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து இயந்திரம் வைத்து அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலுள்ள நிலத்தின் பாரம் தாங்காமல் சில சமயம் வெடித்துச் சிதறும். தொழிலாளர்கள் அதை 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். சத்தம் கேட்டால் லைனில் உள்ள பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அப்படிச் சாகாதவர்களைப் பாறைத் தூசி கொன்றது. துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் தங்கவயலில் பரவலாக இருந்தது. 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அந்தப் பாதிப்புக் காணப்பட்டது.

காவிரி வந்தது

தங்கம் எடுப்பதில் பாதி வேலை நிலத்துக்கு மேலே. கொண்டுவந்த கல்லை இரும்பு உலக்கைகள் இடித்து மாவாக்கும். மாவைப் பாதரசம் பூசிய தகட்டின் மேல் ஓடவிட்டால் ஒரு பகுதித் தங்கம் ஒட்டிக்கொள்ளும். தப்பியதை சயனைடு கரைசல் கரைத்து எடுக்கும். உலக்கை இடிக்கவும், நீர் இறைக்கவும், கூண்டு இழுக்கவும் நீராவிதான் அன்று. அதற்கு விறகும் நிலக்கரியும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை கிளை ரயில் போட்டும் செலவு குறையவில்லை.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் ஒரு யோசனை சொன்னார்: சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம். இடைத்தூரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்வழித் தடங்களில் ஒன்று. வாங்கிக்கொள்ளச் சுரங்கக் கம்பெனி தயாராக இருந்ததால்தான் அரசு துணிந்து பணத்தைப் போட்டது. 1902இல் மின்சாரம் வந்தது.

இந்த மின்சாரம் ஒரு நீண்ட வழக்குக்கும் வித்திட்டது. கோடையில் காவிரி வற்றினால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும். ஆண்டு முழுதும் சீராக நீர் விட ஒரு தேக்கம் வேண்டும் என்பது, கண்ணம்பாடி அணைக்கு விஸ்வேஸ்வரய்யா முன்வைத்த காரணங்களில் முக்கியமானது. அணைத் திட்டத்தை சென்னை மாகாணம் எதிர்த்தது. இழுபறி 1924 ஒப்பந்தத்தில் போய் நின்றது. இன்றுவரை ஓயாத காவிரிப் பிரச்சினையின் பழைய கோப்புகளைப் புரட்டுபவர்கள், அதில் தங்கவயலின் பெயரையும் பார்க்கலாம்.

தங்கம் எங்கே போயிற்று?

1900களின் முதல் பத்தாண்டில் தங்கவயலின் உற்பத்தி ஆண்டுக்கு ஆறு லட்சம் அவுன்ஸைத் தொட்டது. ஏறத்தாழ 19 டன். ஈவுத்தொகை லண்டனுக்குப் போனது. உற்பத்தியில் ஒரு பங்கு ராயல்டியாக மைசூர் கருவூலத்துக்குப் போனது. தங்கம் அங்கே தங்கவில்லை. தொழிலாளி ஒரு துண்டுக் கல்லை மடியில் கட்டினாலும் குற்றம் என்று தனிச் சட்டம் வந்தது. சோதனை, காவல், தனிப் போலீஸ். சுருக்கமாகக் கே.ஜி.எஃப். எனப்படும் தங்கவயல் இன்றைக்கும் தனிப் போலீஸ் மாவட்டமாக இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஊருக்குப் பணம் வந்தது கூலி வழியாக மட்டும்தான். அந்தக் கூலியை நம்பி ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதிகள் பிழைத்தன. விவசாயம் இல்லை, வேறு தொழில் இல்லை. ஒரே சரக்கு, அதன் விலையைத் தீர்மானிப்பதும் வேறு யாரோ. 1934 முதல் 1971 வரை உலகத் தங்க விலை அவுன்ஸுக்கு 35 டாலர் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. அரிசி விலை ஏறும், கூலி ஏறும், வெடிமருந்து விலை ஏறும். விற்கும் சரக்கின் விலை மட்டும் ஏறாது. சுரங்கமோ ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டே போனது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை வாங்கியது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. விலை கட்டிப்போடப்பட்டிருந்த காலத்தில், உள்நாட்டுச் சந்தையில் தங்கம் அதைவிடக் கூடுதல் விலைக்குப் போனபோதும், தங்கவயல் தன் தங்கத்தை அரசுக்கு அந்தக் கட்டுவிலையிலேயே கொடுத்தது. பிறகு 'நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்' என்ற பெயரையும் அதே சுரங்கம்தான் சுமந்தது. கல்லின் வளமும் குன்றியது உண்மைதான்: தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தந்த பாறை, கடைசியில் சுமார் மூன்று கிராம்தான் தந்தது.

ஊர் தானே உண்டாக்கியது

கம்பெனியும் அரசும் தராத ஒன்றைத் தங்கவயல் மக்கள் தாங்களே உண்டாக்கினார்கள். மாதச் சம்பளம் வாங்கிய, பண்ணையாரின் கண்ணுக்கெட்டாத தலித் மக்கள் அங்கே படித்தார்கள், கூடினார்கள். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் இருந்தன. 1914இல் அவர் மறைந்து, அவர் நடத்திய 'தமிழன்' இதழ் நின்றுபோன பிறகு, 1920களில் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாத்துரையார். அயோத்திதாசரின் எழுத்துகளை நூலாக அச்சிட்டுக் காத்தது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. இன்று பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரைப் படிக்கின்றன என்றால், அதில் சுரங்கக் கூலிக்கும் பங்குண்டு.

1930இல் விரல்ரேகை பதியச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலையை நிறுத்தினார்கள். 1946இல் பெரிய வேலைநிறுத்தம். நவம்பர் 4ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் பலியானார்கள். கம்யூனிஸ்ட், இந்தியக் குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. என்று கர்நாடகத்தின் மற்ற இடங்களில் அரிதாக வெல்லும் கட்சிகள் வென்ற சட்டமன்றத் தொகுதி தங்கவயல்.

அறிவியலுக்கும் அந்தக் குழிகள் பயன்பட்டன. 1965இல் சாம்பியன் ரீஃப்பின் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் வளிமண்டல நியூட்ரினோக்களை முதன்முதலாகப் பதிவு செய்தனர். உலக இயற்பியல் வரலாற்றில் தங்கவயலுக்கு இடம் உண்டு.

இன்று

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 121 ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறிய தங்கம் ஏறத்தாழ 800 டன். மூடிய அந்த ஆண்டு, உலகச் சந்தையில் தங்கத்தின் சராசரி விலை அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இல்லாத அளவு தாழ்ந்து, அவுன்ஸ் 270 டாலரை ஒட்டி இருந்தது. பத்தே ஆண்டில் அது 1,900 டாலரைத் தாண்டியது. பொறுமையாகக் காத்திருந்தால் தப்பியிருக்குமா என்று வாதிடலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: கதவைச் சாத்தும்போது யாரும் ஊருக்கு மாற்றுத் தொழில் ஒன்றை வைத்துவிட்டுப் போகவில்லை. ஏற்கெனவே இருந்த பி.இ.எம்.எல். தொழிற்சாலையைத் தவிரப் பெரிய வேலையிடம் எதுவும் இல்லை. தங்கவயல் இளைஞர்கள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். காலத்தைப் பாருங்கள்: பெங்களூருக்கு முன்பே மின்சாரம் கண்ட ஊர், பெங்களூரின் படுக்கையறை ஆகிவிட்டது.

சினிமா அந்த ஊரை மறக்கவில்லை. 2018இல் வந்த கன்னடப் படம் உலகெங்கும் அதன் பெயரைக் கொண்டுபோனது. 2024இல் 'தங்கலான்' அதன் தொடக்கத்தைத் தமிழில் சொன்னது. சினிமாவைவிட முக்கியமான செய்தியும் அதே 2024இல் வந்தது. சயனைடு போட்டுத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவுமண், மூன்று கோடி டன்னுக்கு மேல், 13 குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள்ளேயே வரும். அந்த மண்ணில் இன்னும் ஒட்டியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு அந்த ஆண்டு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆக, குத்தகை மீண்டும் வருகிறது. 1875 குத்தகையில் ஊர் என்று ஒரு தரப்பே இருக்கவில்லை. அப்போது ஊரே இல்லை. இப்போது இருக்கிறது. நான்கைந்து தலைமுறை அந்த மண்ணில் வாழ்ந்து, அந்தத் தூசியைச் சுவாசித்து, நிலுவைப் பணத்துக்கும் குடியிருக்கும் வீட்டின் உரிமைக்கும் அலைந்த மக்கள் இருக்கிறார்கள். குன்றுகளிலிருந்து ஒரு கிராம் தங்கம் எடுப்பதற்கு முன், தூசிக்கும் நீருக்கும் என்ன பாதுகாப்பு, வேலையில் உள்ளூராருக்கு எத்தனை இடம், வருவாயில் எத்தனை பங்கு ஊருக்குத் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பழைய குத்தகை செய்த பிழையைப் புதிய குத்தகையும் செய்தால், இம்முறை அறியாமை என்று யாரும் தப்பிக்க முடியாது.